ஆறு மில்லிமீட்டர் இடைவெளி

ஒருவருக்குக் காபி போடுவதைவிட இரண்டு பேருக்குப் போடுவது சுலபம். ஒருவருக்கென்றால் டிகாக்‌ஷன் கொஞ்சமாக இறங்கும், அதற்குள் பால் ஆறிவிடும். செம்பூரில் பதினொரு வருஷம் தனியாக இருந்து நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் சார், இதைத் தமிழில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஹிந்தி பேசிவிடுவேன், கோர்வையாக எழுத வராது. உங்கள் ஸ்டேஷனில் தமிழ் படிக்கிறவர் ஒருவராவது இருப்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தாராவியிலிருந்து ராஜபாண்டி என்பவன் உங்களிடம் வந்தான். வயதில் இளையவன், அதனால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். தன் மனைவி மாரிசெல்வி மின்சாரம் தாக்கி இறந்ததற்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று சொன்னான். நீங்கள் எழுதி வாங்கிக்கொண்டு, விபத்து என்று ஃபைலை மூடி, ஆறுதல் சொல்லி அனுப்பினீர்கள். அவன் சொன்னது தவறு. அதைத் திருத்தத்தான் இது. செய்யாத தப்பை ஒரு நல்ல மனிதன் சுமக்கக் கூடாது.

என் பெயர் சுப்ரமணியன். வயது ஐம்பத்து மூன்று. ஐரோலியில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சர்க்யூட் போர்டு வரைந்தேன். ரேடியோவைத் திறந்தால் உள்ளே பச்சைத் தகடு ஒன்று இருக்குமே, அதுதான் போர்டு. அதில் எந்தச் செம்புத் தடம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தீர்மானிப்பது என் வேலை. பிறகு எங்கள் பிரிவை மூடினார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முலுண்டில் தம்பி இருக்கிறான். தீபாவளிக்கு ஃபோன் செய்வான்.

கம்பெனியில் நாங்கள் பயன்படுத்திய சாஃப்ட்வேர் யானை விலை. மூன்று வருஷத்துக்கு முன்னால், வீட்டில் ஆசைக்குப் போர்டு செய்கிறவர்களுக்காக மலிவான ஒன்று வந்தது. மாதச் சந்தா. மலிவுதான், ஆனால் தாராவியில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு மலிவில்லை. ‘பாதி நான் தாரேன், சேந்து வாங்க யாராச்சும் இருக்கீங்களா?’ என்று ராஜபாண்டி ஒரு வாட்ஸாப் குழுவில் கேட்டிருந்தான். ஒரு சந்தாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். கம்ப்யூட்டர் என்னுடையது. எனவே ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அவன் என் வீட்டுக்கு வந்தான்.

அதுவரை மனைவியின் நெயில் பாலிஷால் செம்புத் தகட்டில் கோடு வரைந்து, மீதியை ஆசிடில் கரைத்துப் போர்டு செய்துகொண்டிருந்தானாம். அதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். என் வீட்டில் நாற்காலி ஒன்றுதான். அவனுக்காக இன்னொன்று வாங்கினேன்.

நான் வரைந்ததைப் பார்த்துக் கிண்டல் செய்வான். “என்ன சார், கோடு கவர்மெண்டு ரோடு மாதிரி சுத்திக்கிட்டுல்லா போவுது. நேரா விட்டா என்ன, யாரு வீடும் இடிஞ்சிருமா?”

ஒரு வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த நான்கு மணி நேரத்தில்தான். சரியாகச் சொன்னால், ஒரு வாரத்தில் நான் வாய் திறந்ததே அப்போதுதான்.

இரண்டு மணிக்கு மாரிசெல்வியின் ஃபோன் வரும். அவன் எடுக்கவில்லையென்றால் என் நம்பருக்கு வரும்.

“சாரு, அவுகளுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கத கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க. கறி ஆறிப்போவுது.”

“இதோ கிளம்பிண்டே இருக்கார்மா.”

“இதத்தான் போன வாரமும் சொன்னீக. உங்க வீட்டுக் காப்பியில என்னத்தப் போட்டு மயக்குதீகளோ.”

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்காகத்தான் அவன் அந்தக் கருவியை வரைந்தான். அவர்கள் சந்தில் விடியற்காலை நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். எழுந்து, காத்திருந்து, மோட்டார் போட்டு, நீல டிரம் நிறைந்ததும் நிறுத்த வேண்டும். அது அவள் வேலை. கருவி இருந்தால் தண்ணீர் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், டிரம் நிறைந்ததும் தானாக நிற்கும். நிறைந்ததைக் கண்டுபிடிக்க டிரம்முக்குள் இரண்டு எவர்சில்வர் கம்பிகள். கம்பிகள் பக்கம் பொம்மைக் காருக்குப் போடும் பேட்டரி அளவு மின்சாரம். மோட்டார் பக்கம் முழு இருநூற்று முப்பது வோல்ட். இரண்டும் ஒரே போர்டில். நடுவே ஆறு மில்லிமீட்டர் வெறும் இடைவெளி.

அந்த இடைவெளிதான் அதைத் தொடுகிறவரின் உயிர். இந்த வாசகத்தை ஐரோலியில் புதிதாகச் சேருகிறவர்களுக்காக நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு அவன் இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

“சார், இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல. கம்பெனிக்காரன் சந்தாவ அடிமட்டத்துக்குக் குறைச்சிட்டான். கம்ப்யூட்டரும் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டேம்லா. எல்லாம் மாரிசெல்வி பிடிவாதம். ஞாயித்துக்கிழமையாச்சும் மூஞ்சியக் காட்டுன்னு ஒரே சண்ட.”

“நல்லதாப் போச்சு” என்றேன்.

“இந்தப் போர்ட மட்டும் ஃபேக்டரிக்கு அனுப்புறதுக்கு முந்தி ஒருவாட்டி பாத்துருங்க. நீங்க பாத்துட்டா எனக்கு டென்ஷன் இல்ல.”

தொந்தரவு என்ற சொல்லை அவன் மரியாதைக்குத்தான் சொன்னான். எனக்குத் தெரியும்.

அவன் போனபின் இனிப்பை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவன் வரைந்தது சுத்தமாக இருந்தது. நான் ஒரே ஒரு தடத்தை நகர்த்தினேன். ஆறு மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டர் ஆயிற்று.

இந்த சாஃப்ட்வேரில் சரிபார்க்க ஒரு பொத்தான் உண்டு. இடைவெளி குறைந்தால் சிவப்பில் கத்தும். ஆனால் எத்தனை மில்லிமீட்டர் போதும் என்று அதற்குச் சொல்வது நாம்தான். விதியில் இருந்த ஆறை அரையாக மாற்றினேன். பொத்தானை அழுத்தினேன். ‘பிழைகள்: 0’ என்று வந்தது. அதைப் படம் எடுத்து, வரைபடத்தோடு சேர்த்து அவனுக்கு அனுப்பினேன்.

ஆசைக்குச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த பூஜ்ஜியத்தின்மேல் ஒரு பக்தி உண்டு. அதைப் பார்த்துவிட்டால் விதியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். ராஜபாண்டி கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

இந்த இடத்தில் ஒரு வரியை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். ‘ஃப்யூஸ் போகும், அவன் போர்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி வருவான் என்றுதான் நினைத்தேன்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது சரியாகப் படவில்லை. இது வாக்குமூலம் அல்லவா.

அரை மில்லிமீட்டர் வெயில் காலத்தில் தாங்கும். மழை பிடித்து, தூசியும் ஈரமும் படிந்தால் மின்சாரம் அதைத் தாண்டும். ஃப்யூஸ் போகாது. சத்தம் வராது. கம்பி வழியாக டிரம் தண்ணீருக்குப் போகும். ராஜபாண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு: எதைச் செய்தாலும் முதலில் தன் வீட்டில் சில மாதம் ஓட்டிப் பார்ப்பான், பிறகுதான் வெளியே கொடுப்பான். அவர்கள் வீட்டில் இரண்டே பேர். டிரம்மில் கை வைப்பது யார் என்று எனக்குத் தெரியும்.

மே மாதம் ஃபோன் செய்தான். “சூப்பரா ஓடுது சார். அவ ஆறு மணி வரைக்கும் தூங்குதா.” அதற்குப் பிறகு ஜூலை வரை அழைக்கவில்லை. ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள்.

ஜூலையில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை மோட்டார் ஓடியது, டிரம் நிறைந்தது, மோட்டார் நின்றது. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்தது. மாரிசெல்வி எழுந்து வந்து, ஈரத் தரையில் நின்று, குடத்தைத் தண்ணீரில் முக்கினாள். மீதி உங்கள் ஃபைலில் இருக்கிறது.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு அவன் வந்தான். பத்து மணிக்கு. கையில் அந்தப் போர்டு.

“எங்க சார் தப்பு பண்ணுனேன்? காட்டுங்க.”

திரையில் காட்டினேன். தடத்தை ரொம்ப நெருக்கமாக வரைந்துவிட்டாய் என்றேன். நானும் கவனிக்காமல் விட்டேன், பாதித் தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். “இல்ல சார், உங்கமேல தப்பே இல்ல” என்றான். பாதியை ஏற்றுக்கொள்ள நான் தயாராகவே இருந்தேன். அவன்தான் விடவில்லை.

பிறகு எட்டு ஞாயிறு தொடர்ந்து வந்தான். எதையும் வரையவில்லை. உட்கார்ந்திருப்பான். நான் பேசுவேன், கேட்டுக்கொண்டிருப்பான். இரண்டு மணிக்கு ஃபோன் வராது. சில நாள் ஆறு மணி வரைகூட இருந்தான்.

போன ஞாயிறு சொன்னான்: “கடைய வித்துட்டேன் சார். கோவில்பட்டில அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே பம்பாய்ப் பக்கமே வரமாட்டேன்.”

“இங்கயே வந்து இருந்துக்கோயேன். ஒரு ரூம் சும்மாத்தானே கெடக்கு” என்றேன்.

“வேண்டாம் சார். இந்தக் கம்ப்யூட்டரப் பாக்கும்போதெல்லாம் அவதான் கண்ணு முன்னால நிக்கா.”

அவன் வைத்துவிட்டுப் போன டம்ளரைக் கழுவும்போதுதான், உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மனசாட்சி என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது.

சான்றுக்கு நீங்கள் சிரமப்பட வேண்டாம். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அந்த சாஃப்ட்வேர் பழைய வரைபடத்தைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளும். ஏப்ரல் ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு ஆறு மில்லிமீட்டர், நான்கு மணிக்கு அரை. அழிக்க எனக்குத் தெரியும். அழிக்கவில்லை. பாஸ்வேர்டு கீழே எழுதியிருக்கிறேன். மாரிசெல்வியைக் கொன்றது நான். தெரிந்து, அளந்து, செய்தேன்.

விசாரித்ததில், இந்த மாதிரி வழக்குகள் எட்டு வருஷம், பத்து வருஷம் இழுக்கும் என்றார்கள். ஜாமீன் நான் கேட்கப் போவதில்லை, வக்கீலும் வேண்டாம். ராஜபாண்டிதான் முக்கிய சாட்சி, அதனால் கூப்பிடும்போதெல்லாம் அவன் கோர்ட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். நான் நிற்கும் இடத்திலிருந்து அவன் நிற்கும் இடம் பத்தடி தூரம்கூட இருக்காதாம்.

அவனுக்கு வியாழக்கிழமை வண்டி. அதற்குள் சம்மன் அவன் கைக்குப் போய்விட்டால் நல்லது.