மச்சானை அருவிக்குக் கூட்டிப்போன விதம்

அருவிக்குப் போகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது செருப்பில்தான். வீட்டில் போடுகிற செருப்போடு கிளம்பிவிடுவார்கள். ஈரப் பாறையில் கால் வைத்ததும் வழுக்கும். அதனால் மச்சானுக்கு நானே அளவு பார்த்து ரப்பர் ஷூ வாங்கிக் கொடுத்தேன். அவர் வழுக்கி விழக் கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். லாரி ஓட்டியவர். ஆயுசில் பாதி இன்ஜின் பக்கத்திலேயே கழிந்ததில் இரண்டு காதும் போய்விட்டன. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. வேலையை விட்டதும் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டார். நானோ காது கேட்கும் கருவி விற்கும் கடைக்காரன். "ஊருக்கெல்லாம் காது விக்கிறீங்க, எங்கண்ணனுக்கு ஒண்ணு கிடையாதா?" என்று என் மனைவி வருஷக்கணக்காக நச்சரித்தாள். நான் சாக்குப்போக்கு சொல்லி இழுத்தடித்தேன். கஞ்சத்தனம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதெல்லாம் இல்லை, எனக்கு அவர் அப்படியே இருப்பது வசதியாக இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, மனைவி காதில் விழாதபடி முணுமுணுவென்று மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவேன். கடை விஷயம், வீட்டு விஷயம், எதையும் பாக்கி வைப்பதில்லை. "தண்டச் சோறு எப்படி இறங்குது மச்சான்?" என்று சிரித்த முகத்தோடு கேட்பேன். அவரும் சிரித்துத் தலையை ஆட்டி, பாத்திரத்தை என் பக்கம் தள்ளி வைப்பார். மனசு லேசாகிவிடும். மனிதனுக்குப் பேச ஒரு ஆள் வேண்டும் இல்லையா?

கடை விஷயம் என்றேனே, அது சின்ன விஷயம்தான். வயதானவர்கள் இறந்துபோனால் வீட்டார் கருவியைக் கொண்டுவந்து, "வசதியில்லாத யாருக்காவது குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் துடைத்து, காதுக்குள் போகும் முனையை மாற்றி, புது டப்பாவில் போட்டு, புதுசு என்றே விற்பேன். நல்ல கருவிகள். யாரும் குறை சொன்னதில்லை.

கடைசியில் மனைவியின் தொல்லை தாங்காமல் மச்சானைக் கடைக்கு அழைத்துப்போனேன். நாற்காலியில் உட்கார வைத்து ஒரு டப்பாவைத் திறந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இது யாரோடது மாப்ளே?"

"புதுசு மச்சான்."

"போன வாரம் தபால்காரர் ஒருத்தர் தவறிட்டார்னு சொன்னீங்களே, அவரோடதா?"

மனிதர் உதட்டைப் பார்த்தே அத்தனையும் தெரிந்துகொண்டிருக்கிறார். லாரி இரைச்சலில் கிளீனர் பேசுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியதாம். முகம் எதிரே இருந்தால் போதுமாம். இத்தனை வருஷமும் நான் சொன்னது எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது, தண்டச் சோறு உட்பட.

அவர் கோபப்படவில்லை. "உங்களுக்கும் யார்கிட்டயாவது சொல்லணும்ல மாப்ளே, அதான் பேசாம கேட்டுக்கிட்டேன்" என்றார். டப்பாவை என் பக்கம் தள்ளி வைத்து, "ஆனா நம்ம தெரு டீச்சரம்மாவுக்கு வித்தீங்க பாருங்க, அதுதான் மனசு ஆறல. அவங்க புருஷன் போட்டிருந்ததையே அவங்களுக்குப் புதுசுன்னு குடுத்திருக்கீங்க. நீங்களே போய்ச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்ல வேண்டி வரும்" என்றார்.

கடை இழுத்து மூடப்படும் என்ற பயம் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே தெரியாதவர்போல ஒருவர் நம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது ஏமாற்று வேலை இல்லையா? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு மட்டும் நிஜமாகவே புதுசு ஒன்றை மாட்டி அனுப்பினேன்.

அருவி யோசனை அதற்கு அப்புறம் வந்தது. சுலபமான வழி, குழந்தைகள்கூட நடந்துவிடும். காலையில் போனால் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பலாம். அருவிக்கு மேலே மின்சாரத்துக்காக ஒரு சின்ன அணை இருக்கிறது. மதகைத் திறப்பதற்கு முன்னால் சங்கு ஊதுவார்கள். கேட்டதும் எல்லோரும் கரையேறிவிடுவார்கள். நான் ஒருமுறை தனியாகப் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தேன். எந்தப் பயணத்துக்கும் முன்னேற்பாடு வேண்டும். மனைவிக்கு லீவு கிடைக்காத நாளாகப் பார்த்துக் குறித்தேன். அவள் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்து, "அண்ணனைப் பத்திரமா பாத்துக்குங்க" என்றாள்.

வண்டியை விட்டு இறங்கியதுமே மச்சானிடமிருந்து கருவியைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். சாரல் பட்டால் கெட்டுப்போகும். இது பொய்யல்ல, எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வாசலில் இருந்த வனக்காவலர், "சங்கு சத்தம் கேட்டா உடனே மேல ஏறிடணும்" என்றார். மச்சான் அப்போது குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். குப்பை போடக் கூடாதாம் என்றேன்.

வேலை நாள் என்பதால் அருவியில் ஒருவரும் இல்லை. ஓடைக்கு நடுவே ஒரு தட்டைப் பாறை. கையைப் பிடித்து அழைத்துப்போய் அதில் உட்கார வைத்தேன். மச்சானுக்கு ஒரே சந்தோஷம். "லாரியில போறப்ப தூரத்துல பாத்ததோட சரி மாப்ளே" என்று தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் கரைக்கு வந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

சங்கு ஊதியது. நான் அவரைக் கூப்பிட்டேன் சார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கூப்பிடவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன்.

திரும்பவே இல்லையா என்று கேட்கிறீர்கள். திரும்பினார். தண்ணீர் கலங்கி வருவதைப் பார்த்திருப்பார்போல. எழுந்து வரட்டுமா என்று கையைக் காட்டிக் கேட்டார். நான் அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, உதட்டில் நன்றாகத் தெரியும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்க மச்சான்."

அவர் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி அருவியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.