முகூர்த்தப் பட்டில் அந்துருண்டை

நாப்தலீன் என்பது ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் அதைச் சொன்னதும் உங்கள் கான்ஸ்டபிள் வேலு முகத்தைச் சுளிக்கிறார். "இன்னா சார், பொண்ணக் காணோம்னு வந்துட்டு ரசாயனப் பாடம் நடத்திக்கினு கீறே?" என்கிறார். சென்னையில் அதற்குப் பாச்சை உருண்டை என்று பெயர், எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அந்துருண்டை. உங்கள் ஸ்டேஷன் கக்கூஸில்கூட இரண்டு கிடக்கிறது, வரும்போது பார்த்தேன்.

நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பதாம். துணியோடு வைத்தால் அந்துப்பூச்சி அண்டாது. உருகி ஓடாமல் அப்படியே ஆவியாகிக் கரைந்துபோகும். இந்த விளக்கமெல்லாம் கனகராஜ் சொன்னது. ராயப்பேட்டையில் ஒரு டுடோரியலில் ரசாயனம் நடத்துகிறவர், என் மகளைக் கட்டிக்கொள்ள வந்தவர். எனக்குத் தெரிந்தது வியாபாரம் மட்டும்தான். பாண்டி பஜாரில் பட்டுக்கடை வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேருகிற எவனுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன். உருண்டையைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடு. ஜரிகைமேல் பட்டதோ, ஜரிகை கறுத்துப் போகும், உன் தோலை உரித்துவிடுவேன்.

என் மகள் தங்கபுஷ்பத்துக்கு முப்பது ஆகப்போகிறது. அவள் தாய் இசக்கியம்மாள் போன பிறகு வீடே அவள் கையில்தான். அவள் வைக்கிற சொதிக்கு ஈடு இந்த தியாகராய நகரில் கிடையாது. சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் முட்டிக்கு எண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துவிடுவாள். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். சமையல்காரி லீவு கேட்பாள்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற முகூர்த்தப் பட்டு பெண் வீட்டுப் பீரோவில் இருக்கும். பந்தக்கால் நடுகிற நாளில் மாப்பிள்ளையின் தாயார் வந்து, எல்லார் முன்னாலும் அதைப் பிரித்து, முந்தியில் மஞ்சள் வைக்க வேண்டும். பீரோச் சாவி என் அரைஞாணில்.

முதல் மாப்பிள்ளை அம்பாசமுத்திரம், அரிசி மில். நல்ல பையன்தான், பல் மட்டும் கொஞ்சம் முன்னால் இருக்கும். அவன் தாயார் புடவையை விரித்தாள். முந்தி முழுக்கக் கறுப்பு. "ஐயையோ, மங்கலப் பட்டுல கறுப்பு விழுந்துட்டுல்லா, இது ஆகாது" என்று சொல்லி, வெற்றிலையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டாள். புடவை என் கடையிலேயே எடுத்தது. கடைக்குக் கெட்ட பேர் வருமோ என்றுதான் எனக்குக் கவலை. நல்ல வேளை, யாரும் புடவையைக் குறை சொல்லவில்லை. பெண்ணைத்தான் சொன்னார்கள்.

இரண்டாவது ஆள் இன்சூரன்ஸ் ஆபீஸ். அதே பந்தக்கால், அதே கறுப்பு. அதற்கப்புறம் புஷ்பத்தை வளைகாப்புக்கோ பூச்சூட்டலுக்கோ ஒருத்தரும் கூப்பிடவில்லை. ராசியில்லாதவள் என்று பேர். ஒரு வகையில் வசதிதான், அலைச்சல் மிச்சம். இரண்டாவது பட்டு கறுத்த அந்த வாரமே அவள் பட்டினப்பாக்கம் போய்க் கடலில் இறங்கியிருக்கிறாள். மீன்காரர்கள் இழுத்துப் போட்டு, ரிக்‌ஷாவில் கொண்டுவந்து விட்டார்கள். என்ன இருந்தாலும் பெற்ற மனசு அல்லவா, எனக்குப் பதறிவிட்டது. பால் காய்ச்சி நானே கொடுத்தேன். மறுநாள் அவள் வைத்த குழம்பில் உப்புக் கூடுதல். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிப்பட்ட தகப்பன் நான்.

மூன்றாவது, கனகராஜ். இன்று காலைதான் பந்தக்கால். புடவை விரிந்தது, அவர் தாயார் முந்தானையால் வாயைப் பொத்தினாள். மற்றவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். இந்த மனுஷன் மட்டும் குனிந்து புடவையை மோந்து பார்த்தார். கல்யாணப் புடவையை எவனாவது மோந்து பார்ப்பானா? என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மாமா, இது சகுனமில்ல, நாப்தலீன். ஜரிகையில பட்டிருக்கு. யார் வெச்சது?" என்றார்.

அந்து அரிக்கக் கூடாதே என்று நான்தான் வைத்தேன் என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை. அந்து அரிக்கவில்லை.

அப்போது புஷ்பம் அடுப்படியிலிருந்து வந்தாள். மடிப்புக்குள் கைவிட்டு, கரைந்து சிறுத்துப் போயிருந்த உருண்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"மாப்பிள போனதுக்கா நான் கடல்ல எறங்குனேன்னு நெனச்சீங்க? ரெண்டாவது பட்டுலயும் இதே வாடை அடிச்சுதுப்பா. நீங்கதான்னு தெரிஞ்சுது. அதுக்குத்தான் எறங்குனேன்."

உள்ளே போய் அந்தக் கறுத்த புடவையையே உடுத்திக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் தாயார், "ஏட்டி, அத அவுத்துப் போடு" என்றாள். "இதுதான் அத்தை என் முகூர்த்தப் பட்டு" என்று சொல்லிவிட்டுக் கனகராஜோடு படியிறங்கிவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வலிக்கிறது ஐயா, இல்லை என்று சொல்லமாட்டேன்.

மூன்று முறையும் வைத்தது நான்தான். தெரிந்தே, ஜரிகைமேல் படும்படிதான் வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எல்லாம் அவள் நன்மைக்கு. முன்பின் தெரியாத வீட்டில் போய் அவள் யாருக்கோ சமைத்துக் கொட்ட வேண்டுமா? உலகம் தெரியாத பிள்ளை, ஏமாற்றிக் கூட்டிப் போய்விட்டான். ஒரு ஜீப்பைச் சீக்கிரம் அனுப்புங்கள். மணி ஒன்றாகப் போகிறது, வீட்டில் இன்னும் உலை வைக்கவில்லை.