என் மகளின் கைவேலைகள்

வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களை எனக்குப் பிடிக்காது. கைக்கு வேலை இருந்தால் வாய் தானாக அடங்கும். அதனால்தான் என் மகள் கணவன் வீட்டை விட்டுத் திரும்பி வந்ததும் அவளுக்கு விதவிதமான கைவேலைச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தேன். எத்தனை தகப்பன்மார் இதைச் செய்கிறார்கள், இன்ஸ்பெக்டர்? நீங்களும் ஒரு வீட்டுப் பெண்தான். யோசித்துப் பாருங்கள்.

அவள் திரும்பி வந்த காரணத்தையும் நான் மறைக்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். மற்றபடி தங்கமான மனிதர். இவளோ வந்த அன்றே விவாகரத்து, துணிக்கடையில் வேலை, தனியாக ஒரு வீடு என்று அடுக்கினாள். எங்கள் குடும்பத்தில் கோர்ட் வாசலை மிதித்தவர் எவருமில்லை. சொத்துத் தகராறு வந்தபோதுகூட என் தம்பியும் நானும் கண்ணியமாகப் பேச்சை நிறுத்திக்கொண்டோம். அவன் சாகும்வரை அந்தக் கண்ணியம் குறையவில்லை.

"மனசு ஆறட்டும். மாடியில இரு. ஆறினதும் நானே கொண்டுபோய் அவர் வீட்டுல விடறேன்" என்றேன்.

மாடி அறை நல்ல காற்றோட்டமானது. குளியலறை உள்ளேயே இருக்கிறது. சாப்பாடு அவள் அம்மா கையால் மேலே போய்விடும். படி இறங்கும் சிரமம்கூட அவளுக்கு வைக்கவில்லை.

முதலில் கம்பளி நூல். மழைக்காலம் தொடங்கியிருந்தது, பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அவளுடைய இடது மணிக்கட்டு வரும்போதே சரியாக மடங்கவில்லை. இருந்தும் பிடிவாதமாகப் பின்னினாள். மஃப்ளர் என்றாள். அது நீண்டுகொண்டே போனது.

"யாருக்கும்மா இவ்வளவு நீளம்?"

"ஒட்டகச்சிவிங்கிக்குப்பா."

சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் நகைச்சுவைக்குத் தடை கிடையாது. ஒரு நாள் விடிகாலையில் அந்த மஃப்ளரின் ஒரு முனை கட்டில் காலிலும் மறு முனை தோட்டத்துச் செடிகளுக்கு மேலேயும் இருந்தது. நடுவில் என் மகள். நானே ஏணி வைத்து அவளை மறுபடி மேலே ஏற்றினேன். பின்னல் எங்கேயும் பிரியவில்லை என்பதை அவளிடம் பாராட்டிச் சொன்னேன். அதன் பிறகுதான் ஜன்னலுக்குக் கம்பி போட்டேன். விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது?

நூல் அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று மெழுகுவர்த்தி செய்யச் சாமான் வாங்கினேன். வாசனை மெழுகு, மூன்று நிறத்தில். பிள்ளை செய்த மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்துக் கதவின் அடிப்பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரித்திருக்கிறாள். வீடு முழுக்க மல்லிகை வாசனை வந்ததால் கருகல் வாசனை எனக்குத் தெரியவில்லை. கதவை இரும்பில் மாற்றினேன். அடுத்தது எம்பிராய்டரி. கத்தரிக்கோல் மட்டும் கொடுக்கவில்லை. நூலை அவள் அம்மா வாசலில் நின்று வெட்டிக் கொடுப்பாள், பேசாமல். என் மனைவி எதற்கும் பேசமாட்டாள். அது அவள் வளர்ந்த விதம்.

எம்பிராய்டரியில் பூவும் கிளியும் வரும் என்று எதிர்பார்த்தேன். படுக்கை விரிப்பில் 'என்னை வெளியே விடுங்கள்' என்று சிவப்பு நூலில் தைத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்தாள். தெருவே அண்ணாந்து பார்த்தது. கவிதை எழுதுகிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன். எதிர்வீட்டு ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "சின்ன வரிதான். ஆனா ஆழமா இருக்கு சார்" என்றார். படித்தவர்களோடு பழகுவதில் இது ஒரு சௌகரியம்.

உறவுக்காரர்கள் கேட்டால், "கலையில மூழ்கிட்டா. கீழ இறங்கவே மனசு வரலையாம்" என்பேன். பொறாமைப்பட்டார்கள். தங்கள் பெண்கள் எந்நேரமும் கைப்பேசியே கதி என்று இருப்பதாக அலுத்துக்கொண்டார்கள். என் மகளிடம் அந்தப் பழக்கம் இல்லை. கைப்பேசி என் அலமாரியில் இருந்தது.

அடுத்த மழைக்காலம் வந்தபோது களிமண் கொடுத்தேன். களிமண்ணால் யாரும் சுவர் ஏறிக் குதிக்க முடியாது. அவள் எங்கள் வீட்டையே அப்படியே செய்தாள். கூரையைத் தூக்கினால் உள்ளே எல்லாம் தெரியும். அடுப்படியில் அவள் அம்மா. கூடத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் நான். மாடி அறையில் கட்டிலில் ஒரு பெண். ஒரு வருஷ வேலைகளில் இது ஒன்றுதான் எனக்கு முழுத் திருப்தி தந்தது. கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் நானே கூரையைத் தூக்கிக் காட்டினேன். என் தோள்துண்டின் மடிப்பைக்கூடப் பாராட்டினார்கள்.

என் அக்காவுக்கு மட்டும்தான் என்னை இன்னும் 'டா' போட்டுப் பேசும் உரிமை உண்டு. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு களிமண் வீட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"டேய், பிள்ளை உள்ள இருக்கா. பூட்டு வெளியில தொங்குது. இது என்னடா கணக்கு?"

"பாதுகாப்புக்குக்கா."

"யாருகிட்டேருந்துடா?"

மூட்டுவலிக்காரி, எங்கள் மாடிப்படி ஏறி எத்தனையோ வருஷமாகிறது. அன்று ஏறினாள். பின்னாலேயே என் மனைவி சுத்தியலோடு போனாள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது, கேட்டிருக்கலாம். பூட்டை உடைத்த பிறகு அக்கா உங்களுக்குப் போன் செய்தாள். குடும்ப விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது என் கூடப்பிறந்தவள்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் களிமண் பூட்டை நான் கவனிக்கவில்லையா என்று கேட்டீர்கள். கவனித்தேன். அதைக்கூட விடாமல் செய்திருக்கிறாளே என்று மெச்சினேன். மறைக்க வேண்டிய பொருளாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆம், பூட்டியது நான்தான். ஒரு வருஷம் முழுக்க என் கையால்தான் பூட்டினேன். அதை மறுக்க மாட்டேன். ஆனால் களிமண் வீட்டில் இருக்கும் பூட்டு மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது. இரண்டு பூட்டும் உங்கள் மேஜைமேல்தான் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பாருங்கள். நான் போட்டது சின்னப் பூட்டு. எதையும் பெரிதுபடுத்துவது அவள் அம்மா வழிக் குணம்.