ஓபராவில் இறந்தவர் அடுக்களையில் இருக்கிறார்

என் பேச்சுக்குக் கடிவாளமாகக் கையில் மணியோடு அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! கூலி கேளாமல், பேர் கேளாமல், அறிந்ததை அள்ளி அள்ளி இணையக் கலைக்களஞ்சியத்தில் கொட்டும் அன்புத் தொண்டர்களே! எழுதியவரே இரண்டு முறை படிக்காத கட்டுரையை இருபது முறை படிக்கும் என் சக மதிப்பாய்வாளர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்த கெட்டிக்காரர்களே! “லீவு நாள்லயும் அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழுங்க” என்று திட்டிவிட்டு, மனசு கேளாமல் கூடவே வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

நான் பாட்டுக்காரி அல்ல, பண்டிதையும் அல்ல. பகலில் கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையைக் காட்டி, “இது என்ன எழுத்து?” என்று கேட்பவள். மாலையில் கட்டுரையைத் திறந்து, “இதற்கு என்ன சான்று?” என்று கேட்பவள். ஆக, கேட்பதே என் பிழைப்பு! இன்று ஒருநாள் நீங்கள் கேளுங்கள், நான் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு கட்டுரை என் பார்வைக்கு வந்தது. தலைப்பு, ‘கடைசி இணைப்பு’. ஓர் ஓபரா. அண்மையில் இயற்றப்பட்டது. ஓபரா என்றால் என்ன? பேச்சே கிடையாது, பிறப்பதும் பாட்டு, இறப்பதும் பாட்டு. “கதவைச் சாத்து” என்பதைக் கூட நாலு நிமிடம் பாடுவார்கள். அதற்குள் திருடன் வந்து போய்விடுவான் என்று நானே கேலி பேசியிருக்கிறேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கே அடங்கியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அணை உடைந்து ஓர் ஆற்றங்கரை ஊருக்கு வெள்ளம் வருகிறது. தொலைபேசி இணைப்பகத்தில் ஓர் இளம்பெண், கம்பிகள் செருகிய பலகையின் முன்னால் அமர்ந்து, வீடு வீடாக அழைக்கிறாள்: “மேட்டுக்குப் போங்கள்.” இதுதான் கதை. கடைசிக் காட்சியில், அவள் அழைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இசைக்கருவி பதில் சொல்கிறது. பதில் சொன்ன கலைஞர் எழுந்து, கருவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார். அந்த வீடு பிழைத்தது! வயலின் போகிறது. குழல் போகிறது. முரசு போகிறது. ஒவ்வொன்றாய் இசை ஒழிகிறது. ஒவ்வொன்றாய் வீடு பிழைக்கிறது. கடைசியில் காலி நாற்காலிகளைப் பார்த்து ஒற்றைக் குரல் பாடுகிறது. பிறகு அந்தக் குரலும் இல்லை.

ஐயா, அம்மா, இதைப் படித்தபோது மருத்துவமனை உணவறையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிப்போனது. ஒரு ஸ்வரம் கூடக் கேளாமல் உடம்பு சிலிர்த்தது. எழுத்தே இப்படி என்றால் இசை எப்படி இருக்கும்?

எழுதியவர் ஒரு கணக்கு ஆசிரியர். நம் தொண்டர்கள் அவரைச் ‘சான்று சார்’ என்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு வைத்திருந்தார். கடைசி வரி இது: ‘இது உண்மை நிகழ்ச்சி. அந்தப் பெண் அன்றே வெள்ளத்தில் மாண்டு தியாகச் சுடரானார்.’ சான்று இருக்கிறதா? இருக்கிறது. நாடகக் குழுவின் கையேடு ஒன்று, நாளிதழ் விமர்சனம் ஒன்று. இரண்டையும் பார்த்தேன். சரியாக இருந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்:

‘அம்மா சாகவில்லை. அடுக்களையில் இருக்கிறார். வெங்காயம் நறுக்குகிறார்.’

என்ன செய்வேன்? விளையாட்டா, வினையா? எழுதியவரிடம் தொலைபேசி எண்ணை வாங்கிக் காணொளியில் அழைத்தேன். அதை எழுதிய மகளே எடுத்தார், தொலைபேசியை அடுக்களைக்குள் கொண்டுபோனார். கண்ணைத் துடைத்தபடி ஓர் அம்மா திரும்பினார். வெங்காயக் கண்ணீர்தான்.

“நீதான் அந்தக் கட்டுரையைச் சரிபாக்குற பொண்ணா?”

“ஆமாம்மா.”

“என்னை எப்பம்மா சாகடிச்சீங்க?”

“நாங்க இல்லம்மா. அந்த ஓபராவுல...”

“ஓபரான்னா?”

மகள் சொன்னார், “உன் கதையைப் பாட்டாவே பாடுறாங்கம்மா.”

“பாட்டாவா? அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டி, காக்கா மாதிரி கத்திக்கிட்டு இருந்தேனே!”

கதையைக் கேட்டேன். சொன்னார். தண்ணீர் முழங்கால் அளவு வந்ததும் பலகை செத்துவிட்டது. “லைன் போன பிறகு அங்க உக்காந்து யாருக்குப் பேசுறது? மொட்டை மாடிக்கு ஏறினேன். ஏணி வழுக்கி கால் ஒடிஞ்சிடுச்சு. மறுநாள் வெளியூர்க்காரங்க படகுல வந்து தூக்கிட்டுப் போனாங்க.” வேறு ஊரில் மருத்துவமனை, மாதக் கணக்கில் படுக்கை, அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். அவரைப் படகு ஏற்றிப் போன பிறகு இணைப்பகக் கட்டடம் ஆற்றோடு போனதைப் பார்த்த ஊர், அவரும் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டது.

“ஏம்மா, ஒரு தடவை கூட அந்த ஊருக்குத் திரும்பிப் போகலையா?” என்று கேட்டேன்.

கத்தி நின்றது. “அதை விடும்மா” என்றார்.

விட்டுவிட்டேன். உடனே சான்று சாரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“சார், அவங்க உயிரோட இருக்காங்க!”

“நான் நம்புறேன் மேடம். ஆனா நான் நம்புறது சான்று ஆகாதே.”

“சார், கண்ணால பாத்தேன். மூச்சு விடுறாங்க சார்!”

“மூச்சுக்கு அடிக்குறிப்பு போட முடியாது மேடம். இன்னைக்கு நல்லவங்க ஒருத்தர் சொல்றதை அப்படியே எடுத்துக்கிட்டா, நாளைக்கு ஒரு புளுகன் சொல்றதையும் எடுத்துக்கணும்.”

கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள்! எனக்கு அன்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது என்றாலும், அவர் சொன்னது நியாயம். ஆனால் நியாயம் பேசிவிட்டு அவர் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளவில்லை. அன்றே நாடகக் குழுவுக்கு எழுதினார். “அச்சுல தப்பு பண்ணவங்களே அச்சுல திருத்தட்டும் மேடம்” என்றார். இயக்குநரிடமிருந்து பதில் வந்தது. அந்த ஆற்றுக்குப் பக்கத்து நகரத்தில் பகல் காட்சி நடக்கப்போகிறது. அம்மாவை அழைத்து வர முடியுமா?

அம்மா மூன்று முறை மறுத்தார். மகள் நாலாவது முறை கேட்டார். போனோம்.

அரங்கத்தின் வாசலில் சான்று சார் நின்றிருந்தார். அவரை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். அம்மாவைக் கண்டதும் கை கூப்பினார். “மன்னிச்சிடுங்கம்மா, நான்தான்...” என்று இழுத்தார்.

அம்மா சொன்னார், “நீ கேட்டது சரிதாம்ப்பா. நானும் யாரு, என்னன்னு கேக்காம ஒருத்தருக்கும் லைன் குடுத்ததில்ல.”

விளக்குகள் அணைந்தன. என்ன சொல்வேன் அந்தக் குரலை! ஒலிபெருக்கி கிடையாது. ஒலிவாங்கி கிடையாது. ஒரு மனுஷியின் தொண்டை, அவ்வளவுதான். அது அரங்கின் கடைசிச் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்து என் முதுகைத் தொட்டது. கூரை அதிர்ந்ததா, என் குலை அதிர்ந்ததா? அறியேன்! குரலா அது? கடலுக்குக் கரை கட்டியது போல, காற்றுக்குக் கால் முளைத்தது போல, கண் முன்னால் நடந்து வந்தது. வயலின் எழுந்து போயிற்று. குழல் எழுந்து போயிற்று. அம்மா என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். முரசுக்காரர் போகும்போது பிடி இறுகிற்று. ஒற்றைக் குரல், காலி நாற்காலிகள், “மேட்டுக்குப் போங்கள், மேட்டுக்குப் போங்கள்”... பிறகு இருட்டு.

இருட்டில் அம்மா அழுதார். வெங்காயம் இல்லாமல் அழுதார். “பாவம், அந்தப் பொண்ணு” என்றார். மேடையில் செத்துப்போனவள் தாம்தான் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

விளக்கு வந்தது. இயக்குநர் மேடைக்கு வந்தார். “எங்கள் கையேட்டில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அந்தப் பிழை இதோ உங்களோடு உட்கார்ந்து நாடகம் பார்த்தது” என்று கை காட்டினார்.

எல்லாத் தலையும் திரும்பிற்று. அம்மா எழவில்லை. “மொழங்கால் வலிக்குது, சும்மா இரு” என்று மகளின் கையைத் தட்டிவிட்டார்.

அப்போது மாடி இருக்கையிலிருந்து ஒரு குரல். தலை நரைக்கத் தொடங்கிய ஒருவர் எழுந்து நின்றார்.

“அம்மா, நீங்க கூப்பிட்டப்போ எங்க அப்பா ராங் நம்பர்னு சொல்லி வச்சிட்டாரு. மறுபடி கூப்பிட்டீங்க. திட்டிட்டு வச்சாரு. மூணாவது தடவை எங்க அம்மா எடுத்தாங்க. அப்போ நான் அவங்க வயித்துல இருந்தேன்.”

முழங்கால் வலி எங்கே போயிற்று? அம்மா எழுந்தேவிட்டார்!

“மரக்கடைக்காரர் வீடா?”

“ஆமாம்மா!”

“யப்பா, என்னா கோவம் உங்க அப்பாவுக்கு!”

அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் இன்னொருவர் எழுந்தார், “எங்க வீட்டுக்கும் வந்துச்சும்மா!” இன்னொருவர், “எங்க மாமா வீட்டுக்கு!” இன்னொருவர், இன்னும் ஒருவர்! பக்கத்து நகரம் அல்லவா? கரை ஏறிய ஊர் அங்கேதானே குடியேறியிருக்கும்! வெளியே போன இசைக்கலைஞர்கள் கருவிகளோடு வாசற்படிகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கையை உயர்த்தினார். அரங்கம் அமைதியாயிற்று. அவர் கேட்டார். அன்பர்களே, அதை அப்படியே சொல்கிறேன். அழகுபடுத்த எனக்கு அருகதை இல்லை:

“அன்னைக்கு லைன் போயிடுச்சு. யாரு கெளம்புனீங்க, யாரு கெளம்பலைன்னு எனக்குத் தெரியாது. வந்து கேக்கவும் பயமா இருந்துச்சு. எல்லாரும் மேட்டுக்குப் போயிட்டீங்களா?”

இத்தனை ஆண்டுகளாக! ஊரே அவரை இறந்தவர் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அவரோ ஊர் இருக்கிறதா, இறந்ததா என்று அறியாமல் அஞ்சிக்கொண்டிருந்தார்! அழைத்தவர் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவருக்காகப் பாட்டுக் கேட்டு அழுதுகொண்டிருந்தார்கள்!

“போயிட்டோம்மா!” மாடியிலிருந்தும் தரையிலிருந்தும் வாசலிலிருந்தும் எழுந்தது அந்தப் பதில். “போன் இல்லாத வீட்டையும் தட்டிக் கூட்டிட்டுப் போனோம்மா!”

ஓரத்து இருக்கையிலிருந்த ஒரு மூதாட்டி மட்டும் மெல்லச் சொன்னார், “பாலத்துகிட்ட இருந்த மீன்காரர் மட்டும்... அவரை யாராலயும் எட்ட முடியலம்மா.”

அம்மா தலையைக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். யாரும் கைதட்டவில்லை.

பிறகு, பாதி அழித்த ஒப்பனையோடு அந்தப் பாடகி ஓடி வந்தார். “அம்மா, நான் சரியாப் பாடுனேனா?” என்று கேட்டார்.

“நான் மட்டும் இவ்ளோ நல்லாக் கூப்பிட்டிருந்தா, அந்த மரக்கடைக்காரர் மொதல் தடவையே கெளம்பியிருப்பாரும்மா!”

தலைவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா, முடித்துவிடுகிறேன்.

நாளிதழ் எழுதியது. குழு கையேட்டைத் திருத்தி அச்சிட்டது. சான்று கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் சான்று சார் கட்டுரையைத் திருத்தினார். எனக்கு மதிப்பாய்வுக்கு அனுப்பினார். ‘மாண்டு’ என்பது போயிற்று. ‘தியாகச் சுடர்’ மட்டும் இருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“அந்தத் தியாகத்தை எடுத்துடும்மா” என்றார்.

“ஏம்மா? அது பெருமைதானே?”

“தியாகம்னு போட்டா, அதெல்லாம் நம்மால ஆகாதுன்னு படிக்கிறவங்க தள்ளி நின்னுக்குவாங்க. வேலை பாத்தாங்கன்னு போடு. வேலையை யாரும் பாக்கலாம்.”

சான்று சாரிடம் சொன்னேன். அவர் சான்று கேட்கவில்லை, அன்பர்களே! தொலைபேசியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. இன்று அந்தக் கட்டுரையின் கடைசி வரி இது: ‘ஓபராவின் நாயகி வெள்ளத்தில் இறக்கிறாள். உண்மையில் அந்தப் பெண், கம்பிகள் செயலிழக்கும்வரை தம் வேலையைப் பார்த்தார், பிறகு மாடி ஏறிப் பிழைத்தார், இன்றும் வாழ்கிறார்.’

தோழர்களே! இசை அவரைக் கொன்றது. அது இசையின் உரிமை. அந்தச் சாவில்லாமல் அந்தப் பாட்டில்லை. ஆனால் ஏட்டில் ஏற்றும் நமக்கு அந்த உரிமை உண்டா? நாம் இடும் ஒரு சொல் ஓர் உயிரைப் புதைக்கும்; நாம் எடுக்கும் ஒரு சொல் ஓர் உயிரை எழுப்பும். ‘இறந்தார்’ என்று எழுதும்போது கை நடுங்கட்டும்! ‘வாழ்கிறார்’ என்று எழுதும்போது நெஞ்சு நிமிரட்டும்! ஐயம் வந்தால் கேளுங்கள். பதில் வந்தால் வணங்குங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள்! யாரோ ஒருவர், எங்கோ ஓர் அறையில், தமக்கு வரவேண்டிய பதிலுக்காகக் காத்திருக்கலாம்.

என் சொல்லைப் பொறுத்துக்கொண்ட செவிகளுக்கும், மணியைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்த தாய்மார்களுக்கும் நன்றி. நீங்கள் எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். சேர்ந்ததும் உங்களுக்காகக் காத்திருப்பவர்களிடம் அதைச் சொல்லுங்கள். வணக்கம்!