சருகு நிறம்

அட, போட்டுப் பாரு கண்ணு, போட்டுப் பாக்கிறதுக்கெல்லாமா காசு கேக்கப்போறேன்? கண்ணாடி அந்தப் பக்கம், காலுறை மூட்டைக்குப் பின்னால. பாத்துப் போ, மலையேறுற கம்பு காலைத் தட்டிடும். ம்... தோள் கச்சிதமா இருக்கு. கைதான் கொஞ்சம் நீளம். ஓ, நீளமா தொங்கினாதான் இப்ப பேஷனா? நீ சொன்னா சரிதான். எனக்கு என்ன தெரியும், இந்த தோபோங் மலையடிவாரத்துல இருபத்திரண்டு வருஷமா ஜெர்கின் விக்கிறேன், அவ்வளவுதானே.

எந்தப் பாதையில ஏறப்போறே? ஏறலையா? மலைக்கே போகமாட்டியா? சரிதான், ஊருக்குள்ள சொங்சுல ஆபீஸ், ஆபீஸ் விட்டா காபிக்கடை. போன வாரம் ஒரு பொண்ணு, பாறையில வழுக்காத பூட்ஸ்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்கிட்டுப் போச்சு. எதுக்கும்மான்னேன். ரயில்ல நின்னுட்டுப் போறதுக்காம். சிரிக்காதே, நீயும் அந்தக் கூட்டம்தான்.

குறை சொல்லல கண்ணு, உங்களாலதான் கடை ஓடுது. முன்னெல்லாம் உன் வயசுப் பிள்ளைங்க இந்தத் தெருப் பக்கமே எட்டிப் பாக்காது. எல்லாம் எங்க வயசுக்காரங்கதான். சிவப்பு, கிளிப்பச்சை, ஊதா... ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டேஷன் வாசல் மிட்டாய்க்கடையைக் கவுத்துக் கொட்டின மாதிரி இருக்கும். மலைக்கும் அதே சட்டை, சந்தைக்கும் அதே சட்டை, வெளிநாட்டு டூருக்கும் அதே சட்டை. உங்க அப்பாவும் அப்படித்தானா? பாரீஸுக்கேவா? அடி சக்கை! போட்டோவுல தனியாத் தெரிவாரே! இப்ப என் கடையைப் பாரு. மண்ணு, பாசி, காளான், சருகு. மழை பெஞ்ச காட்டுத் தரை மாதிரி கிடக்கு.

எடுத்துக்கிறியா? நல்லது. கதகதன்னு இருக்கும், பிப்ரவரிக் குளிர் வரைக்கும் தாங்கும். இந்தா, இதையும் பிடி. ஆரஞ்சுத் துணி. கழுத்துல கட்டிக்க. இனாம்தான். ஐயோ, மூஞ்சியைப் பாரு, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி! சருகு நிறத்துல எதை எடுத்தாலும் இது கூடவே வரும், இந்தக் கடைச் சட்டம் அது. பக்கத்துக் கடைக்காரி என்னைக் கிறுக்கிங்கிறா. சொல்லிட்டுப் போகட்டும்.

மலைக்கே போகாதவளுக்கு எதுக்கா? அப்படிச் சொல்றவங்கதான் ஒருநாள் திடுதிப்புனு போவாங்க. ஆபீஸ்ல மேலதிகாரி கூப்பிடுவார், இல்ல ஒரு பையன் கூப்பிடுவான், இலையெல்லாம் சிவந்திருக்கு வாயேன்னு. அன்னிக்கு எதை மாட்டிட்டுப் போவே? உன் அலமாரியில மலைக்குன்னு இருக்கப்போறது இது ஒண்ணுதான். என்ன, நான் சொல்றது தப்பா?

பையிலேயே கிடக்குமா? பையில கிடந்தா யார் கண்ணுக்குத் தெரியும்?

நில்லு, நில்லு, அவசரப்படாதே. பார்லி டீ ஊத்துறேன், ஒரு வாய் குடி. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு சிவப்பு ஜெர்கின் இருந்துச்சு. தோள்ல மஞ்சப் பட்டை. தீயணைப்பு வண்டியேதான். எங்க போரா இருக்காளே, மக, அவளுக்குக் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டாரோட முதல் சாப்பாடு. பெரிய ஓட்டல், தனி அறை. சம்பந்தியம்மா முத்துமாலை, சம்பந்தி கோட்டு சூட்டு. நான் கடையைப் பூட்டிட்டு நேரா போயிட்டேன். வீட்டுல இருந்திருந்தா வாசலைத் தாண்ட விட்டிருப்பேனா? கோட்டு அக்குள்ல பிடிக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டு, மனுஷன் தீயணைப்பு வண்டியோட வந்து நிக்கிறாரு! சம்பந்தி மரியாதையா, மலையிலேருந்து நேரா வர்றீங்களான்னு கேட்டார். இல்லீங்க, என்கிட்ட இருக்கிறதுலயே ஒசத்தி இதுதாங்கன்னுட்டார் இவர். சட்டையோட தொப்பியைக்கூட இஸ்திரி போட்டிருந்தார், பாவம்.

சிரி, சிரி. இப்ப நினைச்சா எனக்கும் சிரிப்புதான் வருது. அன்னிக்குப் போரா கழிப்பறையில போயி அழுதுட்டு வந்தா. எனக்கு மானம் போச்சு. கல்யாணமெல்லாம் நல்லா நடந்துச்சு, அது வேற விஷயம்.

மறு வாரம் அந்தச் சிவப்பைக் காணோம். ரயில்ல விட்டிருப்பீங்கன்னு சொன்னேன். ரெண்டு நாள் தொலைஞ்ச சாமான் ஆபீஸுக்கு நடையா நடந்தார். மஞ்சப் பட்டைங்க, மஞ்சப் பட்டைங்கன்னு அங்க உக்காந்திருந்த பொண்ணுகிட்ட படம்கூட வரைஞ்சு காட்டினாராம். அப்புறம் நான் கடையிலேருந்து புதுசு ஒண்ணு கொண்டுபோய்க் கொடுத்தேன். இதேதான், நீ போட்டிருக்கிறதோட ஆம்பளை அளவு. காய்ஞ்ச இலை மாதிரி இருக்கேனேன்னு முனகினார். ஆனா கண்ணாடி முன்னால மூணு தடவை திரும்பிப் பாத்துக்கிட்டார். நல்லாத்தான் இருந்தார் கண்ணு. பத்து வயசு குறைஞ்சு தெரிஞ்சார்.

நவம்பர் முதல் ஞாயிறு போட்டுட்டுப் போனார். மத்தியானம் வந்துடறேன், வெங்காயத்தாள் அடை சுட்டு வைன்னார். ஒண்ணுக்குப் போகத்தான் பாதையை விட்டு இறங்கியிருக்கார். சறுக்கிட்டுப் போயி இடுப்பு உடைஞ்சு போச்சு. கீழேயிருந்து எத்தனை தடவை கத்தினாரோ, யாருக்குத் தெரியும். மீட்புக்காரங்க வந்து என்ன நிறத்துல சட்டைன்னு கேட்டாங்க. சருகு நிறம்னேன். எழுதிட்டிருந்த ஆபீசர் பேனாவை நிறுத்திட்டு என்னைப் பாத்தார். ஓக் மரக் காடு, நவம்பர் மாசம், தரையெல்லாம் சருகு. ஹெலிகாப்டர் மூணு தடவை அவர் தலைக்கு மேலயே போச்சு. மூணாம் நாள் காலையில, பாதையிலேருந்து எண்பதே அடியில கண்டுபிடிச்சாங்க.

அட, நீ ஏன் டீயை வெச்சுட்டே? குடி, ஆறிடும். நாலு வருஷம் ஆச்சு. சாப்பிடுறேன், தூங்குறேன், சிரிக்கவும் சிரிக்கிறேன்.

போரா இன்னும் ரயில்ல தொலைஞ்சதுன்னுதான் நினைச்சுட்டிருக்கா. அவரும் அப்படி நினைச்சுட்டேதான் போனார். தொலையல கண்ணு. அவர் குளிக்கப் போன நேரம் பாத்து, எங்க தெருமுனையில பழந்துணி சேகரிக்கிற பெட்டியில நான்தான் போட்டேன். உள்ள விழ மாட்டேன்னு மாட்டிக்கிச்சு. கையால குத்தித் தள்ளினேன். போன வருஷம் ஸ்டேஷன்ல யாரோ ஒரு ஆள் சிவப்புல மஞ்சப் பட்டையோட போனான். பின்னாலயே ஓடினேன். அது வேற சட்டை.

சரி, வேற ஏதாச்சும் வேணுமா? கையுறை? வேண்டாமா? என்ன, துணியை எடுக்கிறே... கட்டிக்கிறியா? இப்பவேவா? நல்ல பொண்ணு. இரு, முடிச்சை முன்னால போடு. துணி பின்னால விரிஞ்சு முதுகு மேல கிடக்கட்டும். இன்னும் கொஞ்சம் இழுத்து விடு. ஹெலிகாப்டர்ல வந்து மேலேயிருந்துதானே பாப்பாங்க.