ஆறாவது தூண்

— சாப்பிட்டாச்சான்னு கேக்கறதுக்குக் கூப்பிடலப்பா. நாங்க பிரிச்சுக்கிட்டிருக்கிற உங்க பழைய ஃபேக்டரியில இருந்துதான் பேசறேன். தகடு அழுத்தற பெரிய பிரஸ் மெஷின் நிக்குதே, அந்த ஷெட்டுல மொத்தம் எத்தனை தூண்?

— இது என்னம்மா கேள்வி? எட்டு. இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு. காலண்டர் தாள் பின்னாடி நானே வரைஞ்சு குடுத்தேனே. முப்பத்தோரு வருஷம் அங்கேயே கிடந்தவனைப் பரீட்சை வைக்கிறியா?

— எட்டுன்னு கண்ணு சொல்லுது. அதான் கேக்கறேன்.

— இன்ஜினியரம்மா, புதிர் போடாம விஷயத்துக்கு வா. மிக்ஸியைக் கழட்டி மேசை பூரா பரப்பி வெச்சிருக்கேன். உங்கம்மா பார்த்தா என்னையும் அதுக்குள்ள போட்டு அரைச்சிடுவா.

— ஆறாவது தூண் வெறும் தகரம்ப்பா.

— தகரம்னா?

— தகரம்னா தகரம். காலையில போன் பேசறதுக்காக ஹெல்மெட்டைக் கழட்டினப்போ அது தூண் மேல இடிச்சு டங்குனு ஒரு சத்தம். இரும்புத் தூண் அப்படிப் பேசாதே. இரும்பு அறுக்கிற கட்டர்காரரைக் கூப்பிட்டு ஒரு சாண் அகலத்துக்கு ஜன்னல் மாதிரி வெட்டச் சொன்னேன். உள்ள காத்து. நாலு பக்கமும் தகரத்தை மடிச்சு, மேல சாம்பல் பெயின்ட் அடிச்சு, போல்ட் மாதிரி தெரியணும்னு தலையை மட்டும் ஒட்டி வெச்சிருக்காங்க. பண்ணின மகராசன் ரொம்ப மெனக்கெட்டிருக்கான்.

— அப்போ கூரை…

— பிரஸ் மேல நிக்குது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். உத்தரத்துக்கும் பிரஸ்ஸோட தலைக்கும் நடுவுல இரும்புக் கட்டை வெச்சு முட்டுக் கொடுத்து, வெல்டு அடிச்சிருக்கு. நான் கழட்டி லாரியில ஏத்தப் போற பிரஸ் மேலதான் இத்தனை வருஷமா ஷெட்டே உக்காந்திருக்கு. ரெண்டு மணிக்கு அடி போல்ட்டை அறுக்கணும்னு என் திட்டத்துல இருக்கு. அப்போ உள்ள ஒன்பது பேர் நிப்பாங்க.

— இரு, இரு. முதல்ல கூரையைத்தானே இறக்கணும்? மேலிருந்து கீழேன்னு வாய் ஓயாம சொல்லுவியே!

— சொல்லுவேன். ஆனா பிரஸ்ஸை விலைக்கு வாங்கினவங்க அதை மழைக்கு முன்னாடி கேட்டாங்க. எட்டு தூணும் திடமா இருந்தா கூரை தன்னால நிக்கும், பிரஸ்ஸை முதல்ல உருவிடலாம். கணக்கெல்லாம் சரிப்பா. தூண்தான் இல்லை.

— வரிசையை எப்போ மாத்தினே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

— உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?

— …சும்மா கேட்டேன். ஆளுங்க எங்க இருக்காங்க?

— வெளியே, மரத்தடியில. சாப்பிடறாங்க.

— நீ?

— ஷெட்டு வாசல்ல.

— வாசலோட நில்லு. உள்ள போகாத. நான் சட்டையை மாட்டிக்கிட்டு பஸ் ஏறறேன், ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன். அதுவரைக்கும் ஒரு போல்ட்டைத் தொடக்கூடாது. யாராவது கேட்டா மேடத்துக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு.

— எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஏன் பொய் சொல்லணும்? ஏற்கெனவே ஆபீஸ்ல ஒரு பொய் தயார் பண்ணி வெச்சிருக்காங்க. உத்தரத்துல திடீர்னு விரிசல் தெரிஞ்சுது, அதனால வேலையை நிறுத்தினோம்னு எழுதச் சொல்றார் எங்க பெரியவர்.

— நல்ல யோசனைதானே? அப்படியே எழுதேன்.

— மாட்டேன். நடந்ததை எழுதப் போறேன். எட்டு தூணுக்கும் பார்த்தாச்சுன்னு டிக் போட்டேன், ஒண்ணையும் தட்டிப் பார்க்கல. அவ்வளவுதான். ரெண்டு வரி.

— பைத்தியமா உனக்கு? கையெழுத்துப் போடற அதிகாரத்தைப் பிடுங்கிடுவாங்கம்மா! ஒன்பது வருஷம் புகையும் தூசியும் தின்னு, போன வருஷம்தான் உன் பேர்ல திட்டம் போட விட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாம் உடைக்கிற உத்தியோகம்னு கேலி பண்ணினப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னியே, அதெல்லாம் இந்த ரெண்டு வரிக்கா?

— பிடுங்கினா பிடுங்கட்டும். மறுபடி சுத்தியல் தூக்கிட்டு எவனாவது பின்னாடி போறேன். ஒன்பது பேரோட வீட்டுக்குப் போய் நிக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா அப்பா, எனக்கு என்ன ஆத்திரம் தெரியுமா? எந்த வேலையிலயும் நான் தூணைத் தட்டாம விட்டதில்லை. போன மாசம் சர்க்கரை ஆலையில நூத்துப் பன்னிரண்டு தூண். அத்தனையும் தட்டினேன், தோள்பட்டை கழண்டு போச்சு. கூட இருந்த மேஸ்திரி, தூணுக்கு உடம்பு பிடிச்சு விடறீங்களா மேடம்னு கிண்டல் பண்ணினார். இங்க மட்டும் ஏன் தட்டலை?

— ஏன்?

— கம்பெனி வரைபடம் பூரா கரையான் தின்னுடுச்சு. கையில இருந்தது உங்க காலண்டர் தாள்தான். வேற யார் குடுத்திருந்தாலும் ஒவ்வொண்ணையும் போய் உரசிப் பார்த்திருப்பேன். எங்கப்பா குடுத்ததுன்னு அப்படியே எடுத்து ஒட்டிட்டேன்.

— அம்மாடி…

— நேரா சொல்லுங்கப்பா. வரையறப்போ தெரியுமா?

— தெரியும்.

— யாரு பண்ணினா?

— மெனக்கெட்டுப் பண்ணினான்னு சொன்னியே. அந்த மகராசன்தான் பேசறேன்.

— நீங்களா!

— கேளு, கத்தாம கேளு. அந்த பிரஸ் வந்து இறங்கினப்போ நான் ஃபிட்டர்ல மூத்தவன். உள்ள இழுக்கப் பார்த்தா தூணுக்கும் தூணுக்கும் நடுவுல நுழையலை. பதினோரு நாள்ல ஓட்டிக் காட்டணும்னு முதலாளி தலைமேல நிக்கறார். தூணை அறுத்து உள்ள இழு, திரும்ப நட்டுக்கலாம்னு சொன்னாங்க. அறுத்தேன். தற்காலிகமா பிரஸ் மேலயே முட்டுக் கொடுத்தேன். அப்புறம் திரும்ப நடறதுக்கு பிரஸ்ஸை ஒரு வாரம் நிறுத்தணும். யாரு நிறுத்துவா? அடுத்த மாசம், அடுத்த மாசம்னு போயிடுச்சு. அரசாங்கத்துல இருந்து சோதிக்க ஆள் வர்றாங்கன்னதும் எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. எனக்குத் தகர வேலை நல்லா வரும்.

— இத்தனை வருஷமாப்பா! கீழே ஆளுங்க நின்னு வேலை பார்த்திருக்காங்க. நீங்களும்தான்!

— தினம் உள்ள போறப்போ ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பேன். வெளியே வர்றப்போ ஒரு தடவை. ரிட்டயரான அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.

— சரி, அன்னிக்குப் பயம். நான் பேப்பரை நீட்டி, வரைஞ்சு குடுங்கப்பான்னு கேட்டேனே, அப்போ என்ன?

— வெட்கம்மா. என் பொண்ணு ஒரு ஆணி வீணாகாம ஒரு ஃபேக்டரியையே பிரிச்சு வைப்பான்னு தெரு முழுக்கப் பீத்திக்கிட்டிருக்கேன். அவ முன்னாடி, உங்கப்பன் தகரத்துல தூண் பண்ணினவன்னு எப்படிச் சொல்றது? கூரையை முதல்ல இறக்கிடுவே, அப்புறம் எது தூண் எது தகரம்னு யாருக்கு என்னன்னு நினைச்சேன்.

— எனக்கு உங்க மேல எவ்வளவு கோவம்னு சொல்லத் தெரியலை. வீட்டுக்கு வந்து சண்டை போடறேன், அதை விடறதா இல்லை. இப்போ வேலையைப் பார்க்கணும்.

— எழுது. என் பேரைப் போட்டே எழுது. ஆனா நான் வர்ற வரைக்கும் பொறு.

— உங்களுக்காகப் பொறுக்க முடியாதுப்பா. முட்டுக் கொடுக்க இரும்புக் காலும் ஜாக்கியும் கிளம்பிடுச்சு. ஆறாவது இடத்துல நிறுத்தி, உத்தரத்தோட பாரத்தை அது மேல வாங்கிட்டு, நாலு மணிக்கு பிரஸ்ஸை உருவறேன். திட்டத்தை மாத்தி எழுதி அனுப்பியாச்சு, ஆபீஸ்ல சரின்னுட்டாங்க.

— இன்னிக்கே என்ன அவசரம்? நாளைக்குப் பண்ணு.

— இன்னிக்குப் பாரம் தாங்கற கால் நாளைக்கும் அதே பாரத்தைத்தானே தாங்கும்? காரணம் இருந்தா சொல்லுங்க.

— காரணம் என்ன காரணம். அந்த உத்தரம் பழசு.

— உத்தரத்தை அளந்துட்டேன், துருவே இல்லை. மீதி ஏழு தூணையும் நானே ரெண்டு கிலோ சுத்தியலால தட்டினேன். தூணுக்கு நாலு பக்கமும். ஒண்ணுகூட டங்குங்கலை, எல்லாம் திம்முனு இருக்கு. இந்தத் தடவை யாரோட வார்த்தையையும் நம்பலை.

— ஆளுங்க என்ன சொல்றாங்க?

— பயப்படறாங்க. தகரத்தைப் பார்த்தவங்க எப்படி உள்ள போவாங்க? திட்டம் போட்ட மேடம் வாசல்ல நின்னுக்கிட்டு எங்களை அனுப்புவாங்களான்னு கட்டர்காரர் மூஞ்சிக்கு நேரா கேட்டார். நியாயமான கேள்வி. அதனால நானும் உள்ள போறேன். பிரஸ் உருள ஆரம்பிச்சு வெளியே வர்ற வரைக்கும் அவங்களோட, வலப்பக்கத் தூண் வரிசை ஓரமா நிப்பேன்.

— நீ நிக்கக்கூடாது!

— நிப்பேன்ப்பா. என் திட்டம், என் கையெழுத்து.

— என் பேச்சை ஒரு தடவை கேளு, நிக்காத! யாரும் நிக்கக்கூடாது! அந்த ஜாக்கியை வந்த வழியே திருப்பி அனுப்பு!

— லாரி சத்தம் கேக்குது, வந்துட்டாங்க. வைக்கறேன்.

— வைக்காதம்மா! ஆறாவதை அறுத்தும் பிரஸ் திரும்பலை, ஏழாவதையும் அறுத்தேன். முதல்ல செஞ்ச தகரம் தட்டினா டங்குதுன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, அதனால ஏழாவது தகரத் தூணுக்குள்ள மேல வரைக்கும் மணலைக் கொட்டி ரொப்பினேன்.