எட்டு சதவீதம்

அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். அதற்கு ஒரு கால் ஆடும். ஆள் இல்லாதபோதும் ஆடுகிறது, அதனால்தான் சுவரோரம் தள்ளி வைத்திருக்கிறேன்.

என் தொழிலில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. பெரிய கல்லூரிகளில் எம்.பி.ஏ. படிக்க ஆசைப்படுகிறவர்கள் வருவார்கள். மார்க், வேலை அனுபவம், பேச்சு எல்லாம் பார்த்து, இடம் கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பேன். ஐம்பதுக்கு மேல் எழுதினால் கிடைக்கும், கீழே எழுதினால் கிடைக்காது. பதினாறு வருஷமாகப் பொய்த்ததில்லை. 'அவர் சொன்னா பலிக்கும்' என்பார்கள். தற்பெருமை இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நீங்கள் கேட்கிற அந்தப் பெண் ஒரு மருந்துக் கம்பெனியில் குடோன் பொறுப்பாளர். மழையில் தொப்பலாக நனைந்து வந்தாள், கேட்டதற்கெல்லாம் திக்கித் திணறினாள். பத்தே நிமிஷத்தில் எட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரித்துப் பார்த்துச் சிரித்தாள்.

"பூஜ்யம் இல்லையே சார். எட்டை வச்சுக்கிட்டு முட்டிப் பாக்கறேன்."

முட்டினாள். மூன்று மாதம் விடாமல் பயிற்சிக்கு வந்தாள். கடைசி மாதிரி நேர்காணலில், நான் கேட்ட கேள்வியே தப்பு என்று பணிவாக எடுத்துச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கு எண்பது, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சீட்டைத் திருத்தியிருக்கலாமே என்பீர்கள். திருத்த ஆரம்பித்தால், குத்துமதிப்பாகச் சொல்கிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

கல்லூரிக்கு மேலதிகாரியின் சிபாரிசுக் கடிதம் போக வேண்டும். அதிகாரிகளுக்கு எழுத நேரம் ஏது? 'நீங்களே எழுதி அனுப்பிடுங்க' என்று தங்கள் மெயில் பாஸ்வேர்டை எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் இது சகஜம். அவள் அதிகாரியும் கொடுத்தார். நல்லவிதமாகத்தான் எழுதினேன். கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: 'சரக்கு இருப்பு விஷயத்தில் இவரது நேர்மை பற்றி எழுந்த சந்தேகம் இன்னும் தீரவில்லை.' நான்கு கல்லூரிக்கும் அதே கடிதம்.

நான்கும் கைவிரித்தன. ஒரு கல்லூரி மட்டும் அந்த வரியைப் பற்றிக் கம்பெனியிடமே விசாரித்துவிட்டது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. கடிதம் தன்னுடையதில்லை என்று அதிகாரி எப்படிச் சொல்வார்? பாஸ்வேர்டைக் கொடுத்தது வெளியே வந்துவிடுமே. அவளைத் திருடி என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான்காம் நாள் அவள் செய்துகொண்டதுதான் உங்கள் ஃபைலில் இருக்கிறதே.

போன மாதம் அவள் அம்மா வந்தார். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். பெண்ணின் கைப்பையில் கிடந்தது என்று என் சீட்டை மேஜைமேல் வைத்தார்.

"எல்லாரும் அவளுக்கு ஆசை காட்டினாங்க தம்பி. நீங்க ஒருத்தர்தான் முன்னாடியே உண்மையைச் சொன்னீங்க. அவதான் கேக்கல."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்துதான் நாற்காலி ஆடுகிறது. பயமாக இருக்கிறது, உங்களிடம் சொல்வதற்கென்ன.

ஆமாம், அந்த வரியை எழுதியது நான்தான். அவளுக்கு முன்னால் இன்னும் ஐந்து பேருக்கு எழுதியிருக்கிறேன், பெயர்களைத் தருகிறேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அவளுக்கு இடம் கிடைக்காது என்று நான் முதல் நாளே சொன்னேன்.